அவளுக்கு மட்டும் திறக்காத பக்கம்

மருந்துக் கிடங்கின் படிக்கட்டுக்குக் கீழே கழுத்து திரும்பிக் கிடந்தார் ஸ்டோர்கீப்பர்.

"கால் வழுக்கிருச்சு பாவம்!" என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர்.

கூட்டத்தில் நின்ற ஐ.சி.யூ. நர்ஸ் அதை நம்பவில்லை.

காலாவதியான ஊசி மருந்துக்குப் புதுத் தேதி ஒட்டுவதைப் படம் பிடித்து, இணையத்தில் 'ஆந்தை' என்ற பெயரில் ஊருக்கே காட்டிக்கொண்டிருப்பது அவள்தான். ஆந்தை என்ற பழியைச் சுமந்து செத்தது அவர்!

ஆத்திரம் அடங்காமல் அன்றைக்கே ஆந்தை அலறியது. 'விபத்து இல்லை... கொலை!'

அவள் லேசுப்பட்டவள் இல்லை. ஆந்தைக்குத் தனி போன், தனி சிம். சொந்தப் பெயரில் இருந்த கணக்கில் ரோஜாத் தொட்டியும் அக்கா மகளின் பொக்கைவாய்ச் சிரிப்பும் மட்டும்தான். கட்டின புருஷனுக்கே விஷயம் தெரியாது.

ஆந்தைக்கு இருந்த ஒரே துணை 'நண்டு'. இணையத்தில் மட்டும் பழகிய, முகம் தெரியாத நண்பன். அவனிடமும் அவள் பெயரைச் சொன்னதில்லை.

அன்று நண்டுதான் உஷார்படுத்தினான்.

'உங்க சொந்தக் கணக்கை ஆந்தையிலேர்ந்து ப்ளாக் பண்ணிடுங்க. இல்லேன்னா 'இவங்களைத் தெரியுமா?'ன்னு அந்த ஆப்பே கேட்டு, ஒண்ணை இன்னொண்ணுக்குக் காட்டிக் குடுத்துடும்!'

நியாயமாகத்தான் பட்டது. செய்தாள்.

மறுநாள் மீட்டிங் ஹால்.

"எல்லாரும் அவங்கவங்க போன்ல அந்த ஆந்தையோட பக்கத்தைத் திறங்க. ஒண்ணா சேர்ந்து புகார் குடுப்போம்!" மேனேஜர் ஒவ்வொரு போனாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எல்லார் போனிலும் ஆந்தை முழித்தது.

அவள் போனில்...

'இந்தப் பக்கத்தை நீங்கள் பார்க்க முடியாது.'

ஐயோ... என்னை நானே...!

"என்ன சிஸ்டர், திறக்கலையா?"

"நெட்... நெட் கிடைக்கலை சார்."

"அப்படியா? மத்தவங்க கிளம்புங்க. சிஸ்டர் மட்டும் இருங்க."

கடைசி ஆளை அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிடத் திரும்பினார். பேசினால் கேட்டுவிடும். இடுப்பில் ஒளித்திருந்த ஆந்தையின் போனை உருவி, நண்டுக்குத் தட்டினாள்.

'மாட்டிக்கிட்டேன். மீட்டிங் ஹால். போலீஸுக்குச் சொல்லுங்க!'

டிங்!

சத்தம் மேனேஜரின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

நிதானமாக எடுத்தார். படித்தார்.

"நீங்களா... நண்டு?"

"ஸ்டோர்கீப்பர்தான் ஆந்தைன்னு நம்பிட்டேன் சிஸ்டர். செத்தவன் பதிவு போடுவானா? ஆனா இத்தனை பேர்ல யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது... அதான் ப்ளாக் பண்ணச் சொன்னேன். யாருக்குத் திறக்கலையோ அவங்கதான் ஆந்தை."

"விட்டுடுங்க சார்... சத்தியமா இனிமே எதுவும் போட மாட்டேன்!"

அவள் அழுதாள். கேட்க ஆள் இல்லை.

"தெரியும், போட மாட்டீங்க." மேனேஜர் கிடங்குப் பக்கக் கதவைத் திறந்தார். "இப்படி வாங்க சிஸ்டர்... படிக்கட்டு வழுக்கும், பார்த்து!"