மாலை போட்ட மாத்திரை

இணக்கி என்ற இயந்திரம் ஒரு தடவை சொல்லிக்கொடுத்ததை உடம்பு மறக்காது. அதன் பெருமையே அதுதான். டாக்டர் தெய்வானைக்கு இப்போது எரிச்சல் மூட்டுவதும் அதுதான்.

இணக்கி கோயம்புத்தூரில் அவளுடைய ஆய்வகத்தில் பிறந்தது. ஒருவரின் கல்லீரலை இன்னொருவருக்குப் பொருத்தினால், ரத்தத்திலுள்ள காவல் அணுக்கள் அதை அந்நியன் என்று தாக்கும். முன்பெல்லாம் அவற்றை அடக்க ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். இணக்கி அந்த அணுக்களை வெளியே எடுத்து, புதுக் கல்லீரலின் துணுக்கோடு பழகவிட்டுத் திருப்பி அனுப்பியது. சண்டை ஓய்ந்தது, மாத்திரைத் தொழிற்சாலைகள் மூடின. மிஞ்சிய மாத்திரை அட்டை ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆய்வகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஆயுத பூஜையன்று இணக்கிக்குச் சந்தனம் வைத்த கையோடு, காலமான மாத்திரைக்கும் பொட்டு வைத்து மாலை போட்டுச் சிரிப்பார்கள். மாலையைப் போடுவது தெய்வானைதான்.

இணக்கியில் முதலில் உட்கார்ந்தவர் அவளுடைய அண்ணன் சாமியப்பன். கல்லீரல் புற்று வந்து, மனைவி கொடுத்த பாதிக் கல்லீரலால் பிழைத்தவர். இப்போது அந்தக் கல்லீரலிலும் புற்று வளர்ந்திருந்தது. காவல் அணுக்களோ பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததுபோல் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

"ஏன்னு தெரிஞ்சுதா அம்மிணி?" என்றார் சாமியப்பன்.

"தெரிஞ்சுதுங்கண்ணா. உங்க பழைய புத்துல ரெண்டொரு அணு ரத்தத்துல சுத்திட்டு இருந்திருக்குது. புதுக் கல்லீரலப் பொருத்தினதும் அதுல போய் உக்காந்துருச்சு. அதுக்கப்புறந்தான் நாங்க துணுக்கு எடுத்தோம். கல்லீரலோட சேத்துப் புத்தையும் நம்மாளுன்னு சொல்லிக் குடுத்துட்டோம்."

"துணுக்கச் சுத்தம் பண்ண மாட்டீங்களா?"

உதவி ஆய்வாளன் ஹபீப் தலையைக் குனிந்துகொண்டான். சுத்தம் செய்யலாமா என்று அன்றைக்கே கேட்டவன் அவன். ஆனால் சுத்தம் செய்த துணுக்கைக் காட்டிப் பழக்கிய சோதனை எலிகள் எல்லாம் செத்திருந்தன. சுத்தம் செய்ததில் காட்டாமல் விட்டுப்போன கல்லீரல் பகுதிகளையெல்லாம் அவற்றின் அணுக்கள் அடித்துத் தீர்த்தன. அதனால் ஒன்றையும் விடாமல் காட்டு என்று உத்தரவு போட்டவள் தெய்வானை.

"இயந்திரத்தத் திருப்பி ஓட்டப் போறோம்" என்றாள். "பிணக்கின்னு பேர் வெச்சிருக்கோம். அணுக்களுக்கு மறுபடி சண்டை போடக் கத்துக்குடுக்கும்."

"புத்தோட கல்லீரலையும் தின்னுறாதா?"

"திங்கத்தான் பாக்கும். மறுபடி இணக்கவும் முடியாது, ஒரு உடம்புக்கு ஒரு தடவைதான். புத்து கரைஞ்சதும் பழைய மாத்திரை குடுத்து அடக்கிருவோம்."

மாத்திரை இருக்கிறதா என்று ஹபீப் மருந்தகத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். கணினியைப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார்கள்.

பிணக்கி சொன்னபடி வேலை செய்தது. ஸ்கேன் படத்தில் கட்டி சுருங்கிக்கொண்டே வந்து மறைந்தது. மறைந்த அன்று மாலையே சாமியப்பனுக்குக் காய்ச்சல் அடித்தது, கண் மஞ்சளானது. உறுப்பு நிராகரிப்பு. காலமெல்லாம் இந்த அறிகுறிகளைக் கண்டு நடுங்கியவள் தெய்வானை. அணுக்கள் சண்டைக்குத் திரும்பிவிட்டன என்று இன்றைக்கு மட்டும் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. மாத்திரையை எடுத்து வரச் சொன்னாள்.

ஹபீப் வெறுங்கையோடு வந்தான். "கணினி காட்டுறது ஒரே ஒரு அட்டைங்க டாக்டர். அதையும் நீங்க பில் போடாம வாங்கிட்டுப் போயிட்டீங்களாம்."

"நானா? எதுக்கு?"

ஹபீப் சுவரைப் பார்த்தான்.

தெய்வானைக்கு ஆத்திரமாக வந்தது. மருந்தகத்தைத் திட்டினாள், ஹபீபைத் திட்டினாள், அதற்கு மேல் திட்ட ஆள் கிடைக்கவில்லை. டெல்லிக்கும் சிங்கப்பூருக்கும் ஜெர்மனிக்கும் பேசினாள். உங்கள் இயந்திரம் வந்தபின் அந்த மாத்திரை எதற்கு என்று எல்லோரும் அவளைப் பாராட்டிவிட்டுப் போனை வைத்தார்கள். அந்தப் பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை.

சட்டத்தைக் கழற்றி மேசை விளிம்பில் அடித்து உடைத்தாள். அட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளை ஊதிவிட்டுத் தேதியைப் பார்த்தாள். எப்போதோ காலாவதியாகியிருந்தது.

"இது வேலை செய்யுமா அம்மிணி?"

"தெரியலீங்கண்ணா." அவளுக்கு அழுகை வந்தது. "செஞ்சாலும் நாலஞ்சு நாளைக்குத்தான் வரும்."

சாமியப்பன் மாத்திரையை வாங்கி விழுங்கினார். "வருசா வருசம் பொட்டு வெச்சு மால போட்டீங்கள்ல? பலன் குடுக்குதான்னு பாப்போம்."

தெய்வானை வராந்தாவுக்குப் போய், பழைய மாத்திரைத் தொழிற்சாலை நடத்தியவரைப் போனில் பிடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"செய்யலாங்க டாக்டர். ஆனா ஒரு ஆளுக்காகத் தொழிற்சாலையத் தொறக்கச் சொல்றீங்களே?"

வராந்தா பெஞ்சுகளில் வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கல்லீரல் புற்றிலிருந்து இணக்கியைக் கொண்டு அவள் காப்பாற்றியவர்கள். அவளைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்கள்.

"ஒரு ஆள் இல்லீங்க" என்றாள் தெய்வானை. "தொறங்க."