பிரிக்காத குல்ஃபி

தணிகாசலம் நாவல்பழக் குல்ஃபிக்கு ஆர்டர் கொடுத்தது ஒரு மே மாதச் செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணிக்கு. இரண்டே கால் மணிக்கு அது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதன்பிறகு ஒன்பது வருடமாகிறது, இன்னும் அவர் வாய்க்கு வந்து சேரவில்லை.

குல்ஃபி இருந்தது நிலைக்காலப் பெட்டிக்குள். பெட்டி இருந்தது கூடத்து ஷோகேஸுக்குள். ஷோகேஸின் சாவி இருந்தது அவர் மனைவி புனிதவதியின் இடுப்பில். வேலூர் வெயில் நாற்பத்துமூன்று டிகிரியில் மண்டையைப் பிளக்கும் நாட்களில் அவர் அந்தக் கண்ணாடிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

நிலைக்காலப் பெட்டி வந்த புதிதில் ஊரே அதைக் கொண்டாடியது. பெட்டிக்குள் குளிரூட்டி கிடையாது, ஐஸ்கட்டி கிடையாது. மூடியைச் சாத்தினால் உள்ளே காலம் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆலையில் எந்த நொடியில் மூடினார்களோ அந்த நொடியிலேயே பண்டம் இருக்கும். திறந்தால் காலம் உள்ளே நுழையும், மறுபடி மூடினால் மறுபடி நிற்கும். குலுக்கிப் பார்த்தாலும் சத்தம் வராது, காலம் இல்லாத இடத்தில் எதுவும் அசையாது. சுவர்களே மூன்று கிலோ என்பதால் உள்ளே இருப்பதன் எடை கைக்குத் தெரியாது. வெண்குளிர் நிறுவனம் இந்தப் பெட்டியில் ஐஸ்கிரீமும் குல்ஃபியும் வைத்து, கொணரி என்ற சக்கர இயந்திரத்தின் தலையில் ஏற்றி வீடு வீடாக அனுப்பியது. இரண்டே வருடத்தில் ஐஸ்கிரீம் கடைகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன.

பெட்டியைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், நம் ஜனங்களை மட்டும் யோசிக்கவில்லை. சோபா வாங்கினால் அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாதவர்கள் நாம். நல்ல தட்டு விருந்தாளிக்கு, நெளிந்த தட்டு நமக்கு. இப்படிப்பட்டவர்கள் ஒரு காலத்தில் ஐஸ்கிரீமை உடனே சாப்பிட்டார்கள் என்றால் அதற்கு ஒரே காரணம், அது உருகிவிடும் என்பதுதான். உருகாது, கெடாது, நூறு வருடமானாலும் அப்படியே இருக்கும் என்று ஆனபிறகு அதைச் சாப்பிட யாருக்கு மனம் வரும்?

"விருந்தாளி வந்தா வேணும்," என்று சொல்லி அந்தச் செவ்வாய்க்கிழமையே புனிதவதி பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். விருந்தாளிகளும் வந்தார்கள். "குல்ஃபி பிரிக்கட்டுமா?" என்று அவள் கேட்பாள். "அய்யய்யோ, பிரிக்காதீங்க. இப்பதான் சாப்பிட்டு வர்றோம்," என்பார்கள் அவர்கள். பெட்டியைப் பிரிக்க விடுகிற விருந்தாளிக்கு ஊரில் என்ன பெயர் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தணிகாசலமும் பல வீடுகளில் எச்சிலை விழுங்கிக்கொண்டு அதையேதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இந்த ஒன்பது வருடத்தில் அவர் இன்னும் பதினொரு பெட்டி வரவழைத்தார். பதினொன்றும் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று கைமாறிப் போயின. அந்த முதல் பெட்டி மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. கொணரி படியில் இடித்ததில் அதன் அடிமூலையில் ஒரு சொட்டை. அந்தச் சொட்டையை வைத்து அவர் அதைத் தன்னுடையது என்று மனதுக்குள் வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புனிதவதி அதைத்தான் வண்ணத்தாளில் சுற்ற எடுத்தாள். காட்பாடியில் அவள் தம்பி கஜபதி புதுவீடு கட்டியிருந்தான். அன்றைக்குக் கிரகப்பிரவேசம்.

"வேற பெட்டி இல்லையா?" என்றார் தணிகாசலம்.

"எல்லாம் போன மாசமே தீர்ந்துபோச்சு. ஏன், இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவள் குளிக்கப் போனாள். தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பது வருடம் ஒரு புகார் இல்லாமல் வேலை பார்த்தவர். இன்று விட்டால் இந்தக் குல்ஃபி இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது என்று அவருக்குத் தோன்றியது. காலிப் பெட்டியைக் கொடுத்தால்தான் என்ன? கஜபதி அதைப் பிரிக்கவா போகிறான்? அவன் வேறு ஒருவனுக்குக் கொடுப்பான், அவன் இன்னொருவனுக்கு. உலகம் முடிகிறவரை யாருக்கும் தெரியப்போவதில்லை.

சமையலறையிலிருந்து ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்தார்.

உள்ளே நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் சப்பிவிட்டுப் போட்ட ஒரு குச்சி. வேறொன்றும் இல்லை.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. தணிகாசலம் அவசரமாக மூடியைச் சாத்தினார். சாவி ஒருத்தி இடுப்பில்தான் இருந்தது, ஆகையால் குற்றவாளியைத் தேட வேண்டிய அவசியமில்லை. ஏமாற்றமா, கோபமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. புனிதவதி வந்து வண்ணத்தாளைச் சுற்றி ரிப்பன் கட்டியதை அவர் எதிரே உட்கார்ந்து பார்த்தார்.

கஜபதியின் வீட்டில் பரிசுப்பெட்டிகள் சுவரோரம் இடுப்பளவு அடுக்கப்பட்டிருந்தன. பந்தி முடிந்தது. புழுக்கம் தாங்கவில்லை. கஜபதிக்குப் புதுவீட்டுப் பெருமை தலைக்கேறியிருந்தது. கூடத்து நடுவில் நின்று கையைத் தட்டினான்.

"எல்லாரும் உட்காருங்க. வழக்கம் கிடக்கட்டும். எனக்கு வந்த பெட்டி எல்லாத்தையும் இன்னிக்குப் பிரிக்கப்போறேன். நாம எல்லாரும் சாப்பிடறோம்."



முதலில் எழுந்தவர் கஜபதியின் மாமனார். "மாப்பிள்ளை, எனக்குச் சளி," என்றார். வங்கி மேலாளர் தனக்குச் சர்க்கரை என்றார். அவர் மனைவி தன் பல் கூசும் என்றாள். எதிர்வீட்டுக்காரர் கஜபதியின் கையையே பிடித்துக்கொண்டார். "பிரிச்சிடாத தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும்," என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. ஒவ்வொருவர் கண்ணும் சுவரோர அடுக்கில் தாங்கள் கொடுத்த பெட்டியின்மேலேயே இருந்தது. எல்லா நெற்றியிலும் வியர்வை.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தக் கூடத்தில் திருடாதவன் தான் ஒருவன்தான். அதுவும் இன்று காலையில் திருடப் போய்த் தோற்றவன்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க," என்று கஜபதி அவரிடம் வந்தான்.

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். புனிதவதியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒன்பது வருடத்துக்கும் சேர்த்துப் பழி தீர்ந்துவிடும்.

"வேணாம் மாப்ள," என்றார். "நல்லநாளும் அதுவுமா எதுக்குப் பிரிக்கற? இருக்கட்டும், விருந்தாளி வந்தா வேணும்."

கூடமே மூச்சுவிட்டது. கஜபதியும் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினான்.

வீடு திரும்பும்போது, வண்டி பாலாற்றைத் தாண்டியதும் புனிதவதி ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க திறந்து பாத்திட்டீங்க. ரிப்பன் கட்டும்போதே உங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"எப்ப சாப்பிட்ட?"

"மூணாவது வருஷம். நீங்க திருச்சிக்கு டிரெய்னிங் போயிருந்தீங்க. மூணு நாளா கரண்ட் இல்ல. ஒரு வாய்தான்னு திறந்தேன். உங்கள விட்டுட்டுத் தின்னுட்டேனேன்னு அப்புறம் நாலு நாள் சோறு இறங்கல. அதனாலதான் அத யாருக்கும் கொடுக்காமலே வச்சிருந்தேன்."

தணிகாசலத்துக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"அத ஏன் கேக்கறீங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவர் இரண்டு நாவல்பழக் குல்ஃபிக்கு ஆர்டர் கொடுத்தார். இந்த முறை ஷோகேஸ் கிடையாது, விருந்தாளி கிடையாது. வாசற்படியிலேயே பிரித்து, நின்றபடியே சாப்பிட்டுவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். புனிதவதி தன் சீரில் வந்த வெள்ளி ஸ்பூன்கள் இரண்டை, இதுவரை யாரும் தொடாதவற்றை, துடைத்து எடுத்துவந்தாள்.

பதினைந்தாவது நிமிடம் கொணரி வந்து நின்றது. தணிகாசலம் முதல் பெட்டியை அதன் தலையிலேயே வைத்துத் திறந்தார். பிறகு இரண்டாவதைத் திறந்தார்.

இரண்டிலும் எதுவும் இல்லை. திட்டு இல்லை, குச்சி இல்லை. புத்தம் புதிய வெறுமை, பளபளவென்று இருந்தது.

கொணரியின் முகப்பில் மஞ்சள் விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. இப்படி ஒரு கேள்வியை அது கேட்டு வெகுநாளாகியிருக்க வேண்டும்.

"ஐயா, சாப்பிடுவதற்காகவா கேட்டீர்கள்?" என்றது பணிவாக. "அதை ஆர்டரிலேயே தனியாகக் குறிப்பிட வேண்டும். இந்த வட்டாரத்தில் ஆறு வருடமாக யாரும் குறிப்பிடவில்லை. சாப்பிடும் வகை வந்து சேர நாற்பது நாள் ஆகும். செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார், அவரைப் பெட்டிப் பிரிவுக்கு மாற்றிவிட்டோம். இவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா?"

தணிகாசலம் வெள்ளி ஸ்பூனைப் பிடித்தபடி நின்றார். புனிதவதி குனிந்து இரண்டு பெட்டிகளுக்குள்ளும் பார்த்தாள். மூடிகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். முந்தானையால் மேலே ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள்.

"வேணாம், இருக்கட்டும்," என்றாள் கொணரியிடம். "அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம் வருது."