சுவரோரப் படுக்கை

படுக்கை விரிப்பை உதறியபோது அன்றும் வெள்ளைத் தூள் பறந்தது. சுண்ணாம்பும் இல்லை, மாவும் இல்லை, விரலிடுக்கில் நறநறத்த கல்தூள், அதுவும் கணவன் படுக்கும் சுவர்ப்பக்கம் மட்டும். முதுகுவலி என்று விடுப்பெடுத்துப் படுத்தவன், நாளுக்கு நாள் சுவரோடு ஒட்டிக்கொண்டே போனான்.

“என்னங்க, சுவரோட குடித்தனம் பண்ணப் போறீங்களா?”

“குளிர்ச்சியா இருக்கு. நீ போய் வேலையைப் பாரு.” அவன் திரும்பக்கூட இல்லை.

அவள் கூடத்து மேசைக்கு வந்தாள். பாறையைக் குடைந்து செய்த வீடுகள், கோயில்கள் பற்றிய ஸ்பானியக் கலைச்சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஈடு கண்டு எழுதும் வேலை. மாலைக்குள் முடித்தாக வேண்டும். ‘நிச்சோ’ என்ற ஒரு சொல் மட்டும் தொண்டையில் முள்ளாய் நின்றது. பதிப்பாசிரியையைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“மாடம்தானே? சிலை, விளக்கு வைக்கிற இடம்.”

“அதுவும்தான் மேடம். கல்லறைச் சுவர்ல பிணத்தைச் செருகுற பொந்துக்கும் அதே பேர்தான்.”

“படத்துல எப்படி இருக்கு?”

“ஆள் படுக்குற நீளம்.”

“அப்போ படுக்கைன்னே போட்டுடுங்க. படிக்கிறவங்க பயந்துடப் போறாங்க.” சிரித்தபடி வைத்துவிட்டார்.

அப்படியே தட்டினாள். மனம் ஒப்பவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள். உள்ளறையில் ஏதோ சுரண்டியது. தகரத்தை நகம் கீறுவதுபோலத் தொடங்கி, உளி கல்லில் இறங்கும் நிதானத்துக்கு வந்தது அந்தச் சத்தம். அதன் பின்னாலேயே, நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல ஈரப்பாறையின் வாடை, கதவிடுக்கில் நுழைந்து அவள் கணுக்காலைத் தொட்டது.

“என்னங்க?”

சத்தம் நின்றது.

கட்டில் காலியாகக் கிடந்தது. அதையொட்டிய சுவரில் நீளமாய், கருப்பாய் ஒரு பள்ளம். அதற்குள் அவன் படுத்திருந்தான், உறைக்குள் வாள்போலக் கச்சிதமாக.

மூன்றாவது மாடி அது. அந்தச் சுவருக்கு அப்பால் வெறும் காற்றுதான். ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள். வெளிச்சுவர் வழவழவென்று இருந்தது. மழைநீர்க் குழாய். ஒரு காக்கை. வேறொன்றுமில்லை.

திரும்பி வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சில்லிட்டிருந்தது.

“வெளியே வாங்க! ஐயோ, வாங்க!”

“வலி போயிடுச்சு.” உதடு அசையவில்லை. குரல் அவனுக்குப் பின்னாலிருந்து, வெகு ஆழத்திலிருந்து வந்தது.

“யாருங்க இதைக் குடைஞ்சது?”

“உனக்கும் ஆகிக்கிட்டிருக்கு.”

அவன் கைகள் மார்பில் கோத்துக் கிடந்தன. நகங்கள் சுத்தமாக இருந்தன. கையில் உளி இல்லை.

ஆனால் சுரண்டல் மீண்டும் தொடங்கியது.

அவளுக்குப் பின்னால். எதிர்ச்சுவரில்.

திரும்பினாள். பூச்சு உப்பியது. வெடித்தது. பெயர்ந்து விழுந்தது. உள்ளே புதிதாய்ச் செதுக்கிய கல். தோள் பக்கம் அகலம். கால் பக்கம் குறுகல். அவள் உயரம்.

தலை வைக்கும் இடத்தில் மட்டும் தனியாக ஒரு சின்னக் குழி.

அவள் கொண்டையின் அளவுக்கு.