முன்னால் வரும் சத்தம்

அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மர்ஜானாவுக்குப் பூட்டில் சாவி திரும்புவதும், கதவு திறந்து மூடுவதும், செருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுவதும், கணவன் ராஜிக்கின் வறட்டு இருமல் கூடத்தைக் கடந்து போவதும் தெளிவாகக் கேட்டன.

"வந்துட்டியளா?" என்றபடி வெளியே வந்தாள்.

கூடத்தில் யாருமில்லை. கதவு பூட்டியே இருந்தது. சற்றுக் கழித்து மறுபடி அதே சாவி, அதே செருப்பு, அதே இருமல். இம்முறை ராஜிக் நின்றிருந்தான்.

ஷார்ஜாவின் முவைலாவில் குடியேறியதிலிருந்து அடிக்கடி இப்படித்தான். சொன்னபோது ராஜிக் சிரித்தான். எதிர் ஃபிளாட்டில் இருந்த பின்லாந்து டீச்சர் ஐனோ சிரிக்கவில்லை. தங்கள் நாட்டில் அதற்கு எத்தியாய்னென் என்று பெயர், ஆளுக்கு முன்னால் வந்துசேரும் அவருடைய சாயல் அது, பயப்படாதே என்றாள். அது வந்தால் பின்னாலேயே ஆளும் வந்துவிடுவார்.

அதன்பிறகு அந்தச் சத்தம் மர்ஜானாவுக்குப் பிடித்துப்போனது. கேட்டதும் டீக்குத் தண்ணீர் வைப்பாள்.

ஒருநாள் ராஜிக்கின் டெலிவரி வேன் மேல் ஒரு டிரெய்லர் ஏறியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஆண்கள் வராந்தாவில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. ஷார்ஜா மணலிலேயே அடக்கினார்கள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் துணையிருக்க அவன் அக்கா ஷம்சாத் ஊரிலிருந்து வந்தாள்.

ஒரு மஃரிப் வேளை, பொழுது சாய்ந்திருந்தது. ஷம்சாத் தொழுது முடித்து வந்தபோது மர்ஜானா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் புள்ள டீ?"

"அவுஹளுக்கு, மைனி. இப்பத்தான் சத்தம் கேட்டிச்சு. இருமுனாஹ."

ஷம்சாத் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மௌத்தானவன் எப்படிப் புள்ள வருவான்?"

மர்ஜானா டீத்தூள் டப்பாவை எடுத்தாள். அந்தச் சத்தம் ஒருநாளும் பொய்த்ததில்லை.

வெளியே லிஃப்ட் திறந்தது.

காலடி இல்லை. ஈரச்சாக்கைத் தரையில் இழுப்பது போல ஏதோ. நின்றது. மறுபடி இழுபட்டது. அடக்கத்தன்று மய்யித்துக்குப் பூசிய அதே கற்பூர வாசனை கதவுக்கடியில் நுழைந்து கூடமெங்கும் பரவியது.

தட்டும் சத்தம். மேலே அல்ல. கதவின் அடியில், தரையோடு.

"மர்ஜான்..."

ஷம்சாத்தின் பிடி நழுவியது. அவள் சுவரோடு சுவராகச் சரிந்தாள்.

கதவிடுக்கில் மணல் சரிந்து வந்தது. மணலுக்குப் பின்னால் விரல்கள். நகம் பெயர்ந்த விரல்கள், உள்ளே எதையோ தேடித் துழாவின.

மர்ஜானா தரையில் படுத்தாள். கன்னத்தைக் குளிர்ந்த தரையோட்டில் வைத்தாள். அந்த விரல்கள் மேல் தன் கையை வைத்தாள்.

"எவ்வளவு தூரம் இப்படியே வந்திய..."

விரல்கள் அவள் கையை இறுகப் பற்றின. அவளுடைய மறுகை தாழ்ப்பாளை நோக்கி மெல்ல உயர்ந்தது.