ஆறாவது உறை

மகள் முதலில் உள்ளே வந்தாள். அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற நில அளவையாளர், வேண்டாத வீட்டுக்கு வந்தவர்போல் வாசலிலேயே விறைப்பாக நின்றார். உள்ளே இருந்தவர்கள் இருவர்: வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா, அவருக்குத் துணையாக எதிலும் முந்திக்கொள்ளும் நர்ஸ்.

மகள் ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்தான். மருத்துவமனையில் தடயங்களை எடுத்துப் பெட்டியில் வைத்து ஒட்டியவள் இதே நர்ஸ்தான். மூன்று வருஷம் கழித்து, பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்ததாக அப்பா இந்தக் கடிதத்தைக் கொடுத்தார்: 'ஐந்து உறைகளும் பரிசோதிக்கப்பட்டன. எதிலும் தடயம் இல்லை.' அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். போன மாதம் அதே தெருவில், அதே விதமாக, இன்னொரு பெண்.

"தடயம் இல்லாம எப்படிப் போகும் மேடம்? அவன் கழுத்தை நான் பிறாண்டினேன்," என்றாள்.

முடிந்ததைக் கிளறி நாலு பேர் வாயில் விழ வேண்டாம் என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

தடயக் கிடங்குக்குள் போக அனுமதி கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று; அப்பா உட்பட நால்வரும் போனார்கள். கிடங்கு தரைக்குக் கீழே இருந்தது. கூரைவரை பெட்டிகள்; எண் உண்டு, பெயர் இல்லை. குளிர்சாதன இயந்திரம் விட்டு விட்டு ஓடியது. அது நிற்கும்போதெல்லாம், அத்தனை பெட்டிகளும் பேச்சை நிறுத்திக்கொண்டு தங்களையே கவனிப்பதுபோல் நர்ஸுக்குத் தோன்றியது.

இவை எதுவும் பரிசோதனைக் கூடத்துக்கே போகாதவை என்றார் கிடங்குப் பொறுப்பாளர். ஆளும் இல்லை, இடமும் இல்லை. "யாராவது விடாம வந்து கேட்டா, அந்தப் பெட்டி முன்னால போயிடும். கேக்க ஆளில்லாததுங்கதான் இதெல்லாம்."

மகளின் பெட்டி கிடைத்தது. நர்ஸ் பாய்ந்து தூக்கினாள். ஒட்டுநாடாமேல் அவளுடைய கையெழுத்து வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது.

"மேடம், இதைப் பிரிக்கவே இல்லை."

"மேலே எத்தனை உறைன்னு எழுதியிருக்கீங்க, சிஸ்டர்?"

நர்ஸ் படித்தாள். ஆறு. அப்புறம்தான் நினைவு வந்தது. அன்று மருத்துவமனையில், ஐந்து உறைகளின் பட்டியல் பிரதியை வாங்கிக்கொண்டு அப்பா வெளியே போன பிறகே அந்தப் பெண் மூடியிருந்த கையைத் திறந்தாள். நக அழுக்கை ஆறாவது உறையில் போட்டு, அதைப் பெட்டிமேல் மட்டும் நர்ஸ் எழுதினாள்.

"போலீஸும் கூடமும் பார்க்கிறது பெட்டிமேல் இருக்கிற பட்டியலை. அவங்க எழுதினா ஆறுன்னுதான் எழுதுவாங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா நிதானமாக. "கடிதத்துல ஐந்துன்னு எழுதணும்னா, வீட்டுக்குக் கொடுத்த பிரதியை வச்சுக்கிட்டுத்தான் எழுதியிருக்கணும். அது யார்கிட்ட இருந்துச்சு, சார்?"

இயந்திரம் நின்றது.

"நான்தான் எழுதினேன். தினம் தபால்காரனைப் பார்த்துக்கிட்டு இவ வாசல்லயே நின்னா," என்றார் அப்பா. "அந்த வருஷம் பெண் பார்க்கவும் வர்றதா இருந்தாங்க."

"நான் நின்னது தாங்கலையாப்பா, ஊர் பார்த்தது தாங்கலையா?"

"ரெண்டும்தான்மா."

"நீங்க கேக்க விட்டிருந்தா இந்தப் பெட்டி எப்பவோ போயிருக்கும். அந்தப் பொண்ணு..." அவள் முடிக்கவில்லை. பெட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பப் பொறுப்பாளரிடம் விண்ணப்பத் தாள் கேட்டாள்.

இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்று கோர்ட்டில் கேட்பார்கள் என்றார் இன்ஸ்பெக்டரம்மா. பதில் அப்பாவின் கையெழுத்தோடு வேண்டும். அது வெளியில் தெரியத்தான் செய்யும்.

அப்பாவும் ஒரு தாள் வாங்கி, முழுப்பெயரோடு நடந்ததை எழுதத் தொடங்கினார். மகள் அவர் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள்.

"'குடும்ப நலனுக்காக'ங்கிறதை அடிச்சிடுங்கப்பா."

அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.