மாசாய்க்குப் போகாத பஸ்

வெள்ளிக்கிழமை, காலை 6.20. பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு, மாசாய் ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் பஸ்ஸைத் தவிர எல்லா பஸ்களும் வந்துவிட்டன. மாசாய் ஆட்கள் இன்னும் சாலையோரம் நின்றார்கள். அவர்களுடைய இயந்திரங்கள் ஓடவில்லை.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிய முதல் வாரம். பஸ்களை அனுப்பும் மென்பொருளை அதற்காகவே சீரமைத்திருந்தாள் பிரவீனா. வேலை இன்னும் நிரந்தரமாகாதவள்.

"பழையதையே போடுங்க. இந்தப் பொண்ண அனுப்பிடுங்க," என்றார் ஹேமநாதன். பழைய மென்பொருளை எழுதியவர் அவர்.

கணினிப் பிரிவின் தலைவி சந்திரமதி பிரவீனாவின் நிரலைப் படித்தார். பழையதில் ஒவ்வொரு தடத்துக்கும் தனி நிரல் இருந்தது. ஒவ்வொன்றிலும் விடுமுறை தனியாக எழுதப்பட்டிருந்தது. பிரவீனா அதை ஒரே இடத்தில் வைத்து, எல்லாத் தடங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தாள். அதைப் படிப்பது வெளிச்சமான புது வீட்டுக்குள் நடப்பதுபோல் இருந்தது. யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு மாசாய் ஓட்டுநர் சோமுவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏண்ணே பஸ் எடுக்கல?"

"போன்ல லீவுன்னு வந்துச்சு லா. படுத்துட்டேன்."

"நேத்து?"

"வந்தேனே. பத்து நிமிஷம் முன்னாடியே எடுக்கச் சொல்லுச்சு."

பிரவீனா நிமிர்ந்தாள். "நான் நேரத்தத் தொடவே இல்லக்கா."

சந்திரமதி போனை வைத்தார். "இவ விடுமுறையத் தப்பா எழுதியிருந்தா எல்லா பஸ்ஸும் நின்னிருக்கும். நின்னது ஒண்ணுதான். நேரம் மாறுனதும் அதே பஸ்தான்." ஹேமநாதனைப் பார்த்தார். "மாத்துனது நீங்கதானே சார்?"

"பத்து நிமிஷம்தானேம்மா," என்றார் அவர். "மாசாய்க்காரங்க கேட்டாங்க. மாசாயோட பழைய நிரல எடுத்து இதுல ஒட்டி, நேரத்த மட்டும் மாத்துனேன். எப்பவும் அப்படித்தான் செய்வேன்."

"ஒட்டுனதுல பழைய வெள்ளிக்கிழமை லீவும் கூடவே வந்துடுச்சு சார். வியாழன் பழசு, புதுசு ரெண்டுலயும் வேலை நாள். அதான் நேத்து தெரியல."

ஹேமநாதன் நாற்காலியைப் பிரவீனாவின் அருகே இழுத்துப்போட்டார்.

"உன்னோடதுல நேரத்த எங்க மாத்தணும்?"

அவள் காட்டினாள். ஓர் எண். மாற்றினார். ஒட்டியதைத் தானே அழித்தார். அடுத்த நொடி மாசாய் பஸ்ஸுக்கு உத்தரவு போனது.

"அழகா பண்ணியிருக்க," என்றார். "ஷிப்ட் மென்பொருளும் நான் எழுதுனதுதான். அதையும் நீயே இப்படி மாத்திடும்மா."