கைத்தேர்வில் தேறாத கடை

காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்ததும் ரெக்ஸ்லின் செய்யும் முதல் வேலை, கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதுதான். முந்தைய நாள் கேட்டிருந்தவர்களுக்கான வடிகட்டிகள், குழாய்கள், முகமூடிகள் எல்லாவற்றையும் சைக்கிள் கூடையில் அடுக்கிக்கொண்டு, பின்பக்க மண்பாதை வழியாக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த பிஸ்கட் தொழிற்சாலையின் வாசலுக்குப் போவாள். அவளுடைய வாடிக்கையாளர்களை ஏற்றிவரும், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் தன்வண்டிகள் அங்கேதான் வந்து நிற்கும். மூச்சுக் கருவிகளை விற்பதும் பழுது பார்ப்பதும் அவள் தொழில். மூச்சு வாங்குகிறவர்களை அவ்வளவு தூரம் நடந்து வரச் சொல்ல முடியாது.

தூத்துக்குடி புறவழிச் சாலையில் அந்தக் கடையைத் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. பெயர்ப்பலகை ஆளுயரத்துக்கு இருந்தது. ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் கடைக்கு வருகிற காலம் அது இல்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். கைத்திரையில் கடையைத் தொட்டால் தன்வண்டி கொண்டுபோய் விடும். கைத்திரையில் திறக்காத கடைக்கு வழி கிடையாது.

அதற்கென்றே கைத்தேர்வு என்று ஒன்று இருந்தது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவரின் இணையப் பக்கம் உள்ளங்கை அகலத் திரையில் இரண்டு விநாடிக்குள் திறக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்காமலே படிக்க முடிய வேண்டும். பொத்தான்கள் கட்டைவிரலுக்கு அடங்க வேண்டும். தேறினால்தான் தன்வண்டிகளுக்கு வழி சொல்லும் நகர வழியகம் கடைக்கு முகவரி கொடுக்கும். கடைக்கு முன்னால் சாலையோரத் தடுப்புக் கம்பியில் ஒரு திறப்பும் வெட்டிக் கொடுக்கும். தேறாவிட்டால் நாற்பது நாள் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும்.

ரெக்ஸ்லினின் பக்கத்தை அவள் கொழுந்தன் பிரிட்டோ செய்து கொடுத்திருந்தான். வீட்டுச் சுவர்த்திரையில் போட்டுப் பார்த்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். கைத்திரையில் முதல் படம் வருவதற்கே ஆறு விநாடி ஆனது. படத்தைச் சின்னதாக்கி இரண்டாம் முறை அனுப்பினார்கள். அப்போது 'பதிவு செய்க' என்ற பொத்தான் திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போய் ஒளிந்துகொண்டது. அதையும் சரிசெய்து அனுப்பிவிட்டு மூன்றாவது முறையாகக் காத்திருந்தாள்.

"மைனி, இப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு. வரிசையில நம்ம முறை வரணும், அவ்வளவுதான்" என்றான் பிரிட்டோ.

"நோயாளிக்கு வரிசை தெரியுமாடா?" என்றாள் அவள்.

அவளைத் தேடி வந்த முதல் ஆள் திரவியம். துறைமுகத்தில் முப்பது வருஷம் பாரந்தூக்கி இயக்கியவர். நிலக்கரித் தூசி அவர் நுரையீரலில் பாதியைத் தின்றிருந்தது. மகள் ஜெனிட்டா வேலைக்குப் போனபின் தனியாக இருப்பார். பேச்சுத் துணைக்காகவே அடிக்கடி அழைப்பார்.

அந்தப் புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு அவர் அழைத்தபோது குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"ம்மா, மெஷின் நின்னு போச்சு. மாத்து சிலிண்டரை மாட்டியிருக்கேன்."

"எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?"

"முள்ளு அரைமணி நேரம்னு காட்டுது. நான் பிஸ்கட் கம்பெனிக்கு வந்துடுதேன். கால்மணி நேரம்தானே."

மருத்துவமனை அவர் வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடம். கடை அதைவிடப் பக்கம். சரி என்று சொன்னது ரெக்ஸ்லின்தான். குழாயையும் முள்ளையும் சோதித்து முடித்து, நிறைந்த சிலிண்டர் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் அவரே அழைத்தார்.

"வண்டி நிக்க மாட்டேங்குது. கம்பெனிக்கு இன்னைக்கு லீவாம். தண்ணி வரலையாம். மூடியாச்சுன்னு இப்பத்தான் திரையில மாத்தியிருக்கான். மூடுன இடத்துல இறக்க அனுமதி இல்லைன்னு சொல்லுது."

"அவசரப் பொத்தானை அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்புது. உன் கடை வழியாத்தான் போகுது போல."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அங்கிருந்து மருத்துவமனைக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். சிலிண்டரில் பதினைந்துதான். அவசர ஊர்தியை அழைத்தாள். விரைவுத் தடத்தில் ஓடும் வண்டியை நடுவில் நிறுத்த முடியாது, மருத்துவமனை வாசலில் தயாராக இருக்கிறோம் என்று ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். வழியகத்தை அழைத்தாள். கடையின் முகவரியைக் கேட்டார்கள்.

சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள். சாலைக்கும் அவளுக்கும் நடுவே மார்பளவுக்குக் கம்பித் தடுப்பு. குறுக்கே ஆள் நின்றால் தன்வண்டி கட்டாயம் நின்றுவிடும். அது ஒன்றுதான் வழி. சிலிண்டரை முதலில் அந்தப் பக்கம் இறக்கினாள். ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். சேலை கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், கிழியவில்லை.

வெள்ளை வண்டி வந்தது. அவள் இரண்டு கைகளையும் வீசினாள். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கத்தினாள். கண்ணாடிக்குள் அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்ததை ஒரு கணம் பார்த்தாள். தன்வண்டியின் கண்ணாடிகள் உள்ளேயிருந்து பார்த்தால் திரைகள்தான். முகவரி உள்ள இடங்களை மட்டுமே காட்டும். மற்ற இடங்களில் மரமும் வானமும் வரைந்து நிரப்பிவிடும். வண்டி அதே வேகத்தில் கடந்துபோனது.

மருத்துவமனை வாசலில் ஆட்கள் தயாராகத்தான் நின்றிருந்தார்கள். வண்டி வந்து சேர்ந்தபோது சிலிண்டர் தீர்ந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பதினோரு நாள் கழித்துக் கடை தேர்வில் தேறியது. வழியகத்தின் ஆட்கள் வந்து ஒரு மணி நேரத்தில் கம்பியை வெட்டித் திறப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அன்று மதியத்துக்குள் ஒன்பது வண்டிகள் வந்தன. பிரிட்டோ மிட்டாய் வாங்கி வந்தான். ரெக்ஸ்லின் பிரிக்காமலே வைத்துவிட்டாள்.

பத்தாவது வண்டியில் ஜெனிட்டா வந்தாள். அப்பாவின் கருவியை மடியில் வைத்திருந்தாள்.

"யாருக்காவது ஆகும்னா சரிபண்ணிக் கொடுத்துடுங்கக்கா. வீட்ல வச்சிருக்க முடியல."

ரெக்ஸ்லின் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே ஒரு சின்னக் கம்பி கருகியிருந்தது. ஐந்து நிமிட வேலை. அதை அவள் சொல்லவில்லை.

ஜெனிட்டா சாலையையும் புதுத் திறப்பையும் பார்த்தாள்.

"நீங்க இங்க நின்னு கையாட்டுனீங்கன்னு சொன்னாங்க."

"ஆமா."

"அப்பா உங்களைப் பார்த்தாரா?"

ரெக்ஸ்லின் கருவியை மேசைமேல் வைத்தாள்.

"பார்த்தார்மா" என்றாள். "கையைத் தூக்கிக் காட்டினார்."

ஜெனிட்டா தலையாட்டினாள். வெளியே அடுத்த வண்டி திறப்புக்குள் திரும்பி வந்து நின்றது; அதன் கதவு தானாகத் திறந்தது.